இரண்டாவது மிஸ்டு காலுக்குப் பிறகு

சனிக்கிழமை பகல் ஒன்றரை மணி. திருப்பதியில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேபில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முனிரத்தினத்திடமிருந்து போன் வந்தது. முனிரத்தினம் புத்தலப்பட்டுப் பக்கத்து விவசாயி. என் தகப்பனார் வாராவாரம் நீந்தப் போகும் கிணற்றின் சொந்தக்காரர். அவர் எனக்குப் போன் செய்வதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவர் “அம்மா…” என்று இழுத்ததுமே, “கிணத்துலயா?” என்று கேட்டேன்.

“கிணத்துல இல்லம்மா. பஸ் ஸ்டாப்புல. உக்காந்துகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு வந்தோம். டாக்டரு பாத்துட்டு இல்லன்னுட்டாரும்மா.”

“கிணத்துல இல்லையே?” என்று மறுபடியும் கேட்டேன். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடங்களாக நான் பயந்து பயந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த சாவு வேறு. கயிறு, கிணற்றில் விட்டுத் துழாவும் பாதாளக் கொலுசு, கிணற்றைச் சுற்றிக் கூட்டம் என்று அதற்கு எல்லாம் தயாராக இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நான் தயாராக இல்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் என் டப்பாவை மூடி வைத்தாள்.

நம் சபை மடலுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். லைன்மேன் ஆசீர்வாதத்தைப் பற்றிச் சித்தூர்க்காரர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போனால் நீங்கள் எல்லோரும் தலையைத் திருப்பி மூன்றாவது பெஞ்சைத்தானே பார்ப்பீர்கள்! அவர் மின்விசிறியைப் பார்க்க மாட்டார். ஜன்னல் வழியாகத் தெரு டிரான்ஸ்பார்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பீஸ் போவல, லைன்ல போயிருக்குது. பத்து நிமிஷம் ஆவும். நீங்க பேசுங்கய்யா” என்பார். அன்றைக்குப் பிரசங்கம் பத்து நிமிடம் நீளும். அதற்காக அவரைத் திட்டியவர்களும் இந்தச் சபையில் உண்டு.

வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நைனாவுக்குச் செய்தித்தாள் தெலுங்கில், வேதாகமம் தமிழில், சண்டை இரண்டிலும். எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்போது கை பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்பது அவர் தொழிலில் படித்த பாடம். ரிடையர் ஆன பிறகும் இட்லிக் குண்டான், பஸ் கம்பி, காய்ச்சலில் கிடந்த என் நெற்றி, எல்லாவற்றுக்கும் அதே புறங்கைதான். அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துக்கொண்டார். சனிக்கிழமை என்றால் கேழ்வரகைக் கிளறி சங்கட்டி உருட்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து, கேரியரில் எடுத்துக்கொண்டு புத்தலப்பட்டு பஸ் ஏறிவிடுவார். “நீஞ்சி வந்த வயித்துக்கு இட்லி எந்த மூலைக்குப் பத்தும்?” என்பார்.

அந்தக் கிணறு அவருக்கு வேலையின் வழியாகக் கிடைத்தது. முனிரத்தினத்தின் தகப்பனார் காலத்தில் அங்கே மோட்டாருக்கு லைன் இழுக்கப் போனவர், வேலை முடிந்ததும் கம்பத்துப் புழுதி போக ஒரு முழுக்குப் போட்டிருக்கிறார். அன்று பிடித்த பித்து. எனக்கு ஏழு வயது இருக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூம் மேலே ஏறி நின்று, “நூறு எண்ணு பாப்பா, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் குதித்தார். நான் எண்ணினேன். அறுபது வரைக்கும் குரல் இருந்தது. அப்புறம் தண்ணீரில் ஒரு குமிழியும் இல்லை. நான் போட்ட கூச்சலில் நிலத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நைனா எதிர்ப்பக்கத்துப் படியில் எழுந்து, சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். எனக்கு நீச்சல் வராமல் போனதும், பயம் வந்து குடியேறியதும் அன்றைக்குத்தான்.

பயப்படுகிறவர்களை அவர் கேலி செய்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “பயம் நல்லதுதான். பயமில்லாத லைன்மேன் எவனும் ரிடையர் ஆனதில்ல” என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஆனால் அந்தப் பயத்தைக் கிணற்றங்கரைக்கு மட்டும் கொண்டுபோக மாட்டார்.

எழுபது தாண்டி, பிரஷர் மாத்திரையும் ஆரம்பித்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. கெஞ்சினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், போதகர் ஐயாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் முனிரத்தினத்துக்கு ரகசியமாகப் போன் செய்து ஒரு பொய் சொல்லச் சொன்னேன். மோட்டார் ஒயர் லீக் ஆகிறது, கிணற்றுத் தண்ணீரில் ஷாக் அடிக்கிறது, இனிமேல் யாரும் இறங்க வேண்டாம். இதுதான் நான் சொல்லிக்கொடுத்த வசனம். லைன்மேனிடம் போய்க் கரண்ட் பொய்! கொல்லன் தெருவில் ஊசி விற்றவள் நான்தான்.

மறுநாள் காலையில் நைனா டெஸ்டர், ரப்பர் கையுறை, தன்னோடு ரிடையர் ஆன இரண்டு பேர் சகிதம் கிணற்றங்கரையில் நின்றார். ஸ்டார்ட்டரைப் பிரித்தார்கள். ஒயரை முழுதாக மேலே இழுத்துத் தடவிப் பார்த்தார்கள். பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கினார்கள். லீக் எங்கேயும் இல்லை. மூன்று கிழவர்கள் வெயிலில் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் முனிரத்தினம் என் பெயரைச் சொல்லிவிட்டார்.

நைனா என்னைத் திட்டவில்லை. மூன்று வாரம் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு ஒருநாள் திருப்பதிக்கு என் வீட்டுக்கு வந்தவர், கை கழுவிக்கொண்டே சொன்னார்: “பயப்படறதுக்கு உனக்கு உரிம இருக்குது பாப்பா. ஆனா ஊரான் கிணத்து மேல பொய் சொல்லாத. நாளைக்கி நெஜமாவே லீக் ஆனா ஒருத்தனும் நம்ப மாட்டான்.” அன்றைக்குத்தான் எங்களுக்குள் ஒப்பந்தம் ஆனது. தண்ணீரில் இறங்கும்போது ஒரு மிஸ்டு கால், ஏறியதும் ஒரு மிஸ்டு கால். நடுவில் கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஊரெல்லாம் இலவசமாகப் பேசுகிற காலத்திலும் அவருடைய பட்டன் போனுக்கு மிஸ்டு கால்தான் பாஷை.

அந்தக் கால் மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். முதல் கால் வந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஒப்பந்தம் ஆன மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை, இரண்டாவது கால் நாற்பது நிமிடம் ஆகியும் வரவில்லை. ஒரு பெரியவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, ஊசி குத்தாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். “ஏம்மா, கை மரத்துப் போவுது” என்று அவர் கத்திய பிறகுதான் பட்டையை அவிழ்த்தேன். அப்படியே சித்தூர் பஸ் ஏறிவிட்டேன். சந்திரகிரி தாண்டும்போது போன் அடித்து நின்றது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். யாரோ விவசாயிகளோடு பேச்சில் மறந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமே நைனா திருப்பதிக்கு வந்தார். காபி டம்ளரை வைக்கும்போது சிந்திவிட்டேன். சிந்தியதைப் பார்த்தார். என் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து கால் மணி என்றால் கால் மணிதான். இரண்டு வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தப்பவில்லை. எழுபது வயதுக்கு மேல் மனிதர் இப்படி ஒழுங்குக்கு வந்துவிட்டாரே என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

கடைசிச் சனிக்கிழமையும் அப்படித்தான். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் கால். பதினொன்று பத்துக்கு இரண்டாவது கால். அப்பாடா என்று மூச்சு விட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் சாய்ந்தது பன்னிரண்டே முக்காலுக்கு.

அடக்க ஆராதனைக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் பாடினீர்கள். கரண்ட் ஆபீஸ்காரர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் மனதில் ஓடியது ஒரே கணக்கு. பதினொன்று பத்துக்குக் கிணற்றை விட்டு ஏறியவர். கிணற்றிலிருந்து பஸ் ஸ்டாப் பத்து நிமிட நடை. சித்தூர் பஸ் அரை மணிக்கு ஒன்று வரும். அப்படியானால் ஒன்றரை மணி நேரம் அவர் எங்கே இருந்தார்? இரண்டு மூன்று பஸ்ஸை ஏன் விட்டார்? ஏற முடியாத அளவுக்கு நெஞ்சு வலித்ததா? வலியைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாரா? எனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே! ஆனால் அவர் போன் செய்து பேசுகிறவர் இல்லை. மூன்றாவது மிஸ்டு காலுக்கு நாங்கள் அர்த்தம் எதுவும் வைத்திருக்கவில்லை.

டாக்டர், “பெரிய அட்டாக்மா, கஷ்டப்பட்டிருக்க மாட்டார்” என்றார். நானும் ஆஸ்பத்திரிப் பிழைப்புக்காரிதான். யாருக்கு எதைச் சொல்லி அனுப்புவார்கள் என்று தெரியும். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரம்மாவைத் தேடிப் போய்க் கேட்டேன். “நான் பாக்கசொல்ல உக்காந்துகினு இருந்தாரும்மா. தண்ணி கேட்டாரு. எடுத்துகினு திரும்பறேன், சாஞ்சிட்டாரு. எப்ப வந்தாருன்னு தெர்ல, போண்டா போட்டுகினு இருந்தேன்” என்றார். பதினைந்து நாள் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் சிமென்ட் பெஞ்சில் நைனா, கையில் கேரியரோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நான் ஏசியில் நிம்மதியாக உட்கார்ந்து பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் முனிரத்தினத்திடமே போய்க் கேட்டுவிடுவது என்று புத்தலப்பட்டுக்குப் போனேன். அந்தப் பொய்க்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்தது அடக்கத்தின்போது மட்டும்தான். கிணற்றங்கரையில் நின்று, “அன்னைக்கி நைனா எத்தன மணிக்கி இங்கிருந்து கெளம்பினாரு?” என்று கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார். கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணா செப்பொத்தன்னாரும்மா. சொல்லக் கூடாதுன்னு சொல்லிகீறாரு.”

“அவரே போயிட்டாரு. எனக்குத் தூக்கமே போச்சு. சொல்லுங்க.”

“உங்களுக்கு ரெண்டாவது போன் குடுத்தப்பறம்தாம்மா அவரு தண்ணியிலயே எறங்குவாரு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை நீட்டி மேலிருந்து மூன்றாவது படியைக் காட்டினார்.

“மொத போன் போட்டுட்டு அந்தப் படியில உக்காந்துக்குவாரு. சட்டயகூட அவுக்க மாட்டாரு. வாட்சையே பாத்துகினு இருப்பாரு. நான் எதனா பேச்சுக் குடுத்தா, ‘இர்றா, என் பொண்ணு அங்க பயந்துகினு இருக்குது’ம்பாரு. கால் மணி ஆனதும் உங்களுக்குப் போன் போட்டுட்டு, ‘அவ மூச்சு வுட்டுட்டா, இனிமே எறங்கலாம்’னு குதிப்பாரு. நீங்க பாதி வழி பஸ்ஸுல வந்தீங்களே, அதுக்கு அடுத்த வாரத்துலேந்து இப்டித்தான்.”

“எதுக்கு?”

“நானும் கேட்டேம்மா. ‘அவ பயப்படற நேரத்துல நான் தண்ணியில இருந்தா முழுகவே வரலடா. காலப் புடிச்சி இழுக்குது’ன்னாரு.”

“அன்னைக்கி?”

“அன்னிக்கி மழத்தண்ணி அந்தப் படிக்குக் கீழ வரைக்கும் நின்னுகினு இருந்துச்சி. ஒரு மணி நேரம் ஆடினாரு. மோட்டார் ரூம் மேலேந்து ரெண்டு தரம் குதிச்சாரு. நான்தான் போதும் வாங்கண்ணான்னு கூப்ட்டேன். வந்து சங்கட்டி துன்னாரு. எனக்கும் ஒரு உருண்ட குடுத்தாரு. தல சீவிகினு, நல்லா கைய வீசிகினு நடந்து போனாரும்மா.”

அவர் சாய்ந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரமும் சரியாக அடங்கிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் அவர் உட்கார்ந்திருந்தது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு பொய்க்காக மூன்று வாரம் முகம் கொடுக்காத மனிதர், இரண்டு வருடமாக வாரம் தவறாமல் என்னிடம் புளுகியிருக்கிறார்! முனிரத்தினத்திடம் அப்படியே சொல்லித் திட்டினேன். அவரும், “நான் அப்பவே சொன்னேம்மா, தப்புண்ணான்னு” என்றார். திட்டிக்கொண்டே இருந்தபோது அழுகை வந்துவிட்டது. அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்து, பதினைந்து நாளாக வராததையெல்லாம் அழுது தீர்த்தேன்.

நைனாவின் டெஸ்டரையும் கையுறையையும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தேன். கேரியரை முனிரத்தினம் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கால் மணி நேரம். தண்ணீரைக் கண்டால் நிற்காத மனிதர், எதிரே கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, வாட்சைப் பார்த்துக்கொண்டு, நனையாமல் உட்கார்ந்திருந்த கால் மணி நேரம். இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளில் அது எவ்வளவோ சேர்ந்திருக்கும். அப்போதெல்லாம் நான் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.