பசுபதியைக் கேளுங்கள்

பசுபதியின் சந்தேகங்கள் பெரும்பாலும் பலித்துவிடும். அவருடைய துரதிருஷ்டமே அதுதான்.

ஜெர்சி சிட்டியின் நியூபோர்ட் கரையோரம் ஒரு வங்கியின் ஐடி பிரிவில் அவர் பல வருடங்களாகக் கான்ட்ராக்ட் ஊழியர். அங்கே "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று யாரிடம் கேட்டார்களோ, அவர் அடுத்த தீபாவளிக்கு அந்த நாற்காலியில் இருந்ததில்லை. பசுபதியே அப்படிக் காலியான ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்தான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அமெரிக்கர், காபி மெஷினை எப்படித் தட்டினால் வேலை செய்யும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். தங்கமான மனிதர்.

ஆகவே மேனேஜர் வெங்கடகிருஷ்ணன், "ஒவ்வொருவரும் தன் வேலைக்கென்று ஓர் ஏஐ உதவியாளரை உருவாக்குங்கள், உங்கள் குறிப்புகள், பழைய மெயில்கள் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டுங்கள்" என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பசுபதியும் தட்டினார், சத்தம் வராமல்.

"இது அசிஸ்டன்ட் இல்ல யாமினி, நம்ம ரீப்ளேஸ்மென்ட். அதையும் நம்ம கையாலயே பண்ணச் சொல்றாங்க," என்றார் பக்கத்து இருக்கைக்காரியிடம்.

"ஃப்ரீயா பீட்சா வாங்கிக் குடுத்தாக்கூட, யாரை லே-ஆஃப் பண்ணப் போறாங்கன்னு கேப்பீங்க நீங்க."

"போன தடவை பீட்சா வந்தப்போ மூணு பேர் போனாங்களா இல்லையா?"

யாமினி சிரித்துக்கொண்டே தன் உதவியாளருக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தாள், எந்தத் துறைத் தலைவருக்கு எப்படி மெயில் எழுதினால் கோபம் வராது என்பதுவரை. அந்தப் பெண்ணுக்காகப் பசுபதி உள்ளூர வருந்தினார்.

தான் மட்டும் செய்யாமல் இருந்தால் பெயர் தனியாகத் தெரியும். அதனால் யாரும் படிக்காத மேனுவல்களாகத் தேடிப் பிடித்து ஏற்றினார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் புரோகிராம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். உதவியாளருக்கு அவர் எழுதிய கடைசிக் கட்டளை: முக்கியமான கேள்வி எது வந்தாலும், பசுபதியைக் கேளுங்கள் என்று சொல். அதுவும் மிகப் பணிவாக அதையே சொன்னது. பெற்ற பிள்ளைகள் அவர் பேச்சை அவ்வளவு கேட்டதில்லை.

கோடை முடியும்போது வெங்கடகிருஷ்ணன் அவரைத் தனி அறைக்கு அழைத்தார். ஆபீசில் ஆங்கிலம் தவிர வேறு பேசாதவர், கதவைச் சாத்தியதும், "உக்காருங்க பசுபதி" என்றார். அந்த அறையில் தமிழ் வந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். வேலை போனால் விசாவும் கூடவே போகும்.

"டீம் லீட் போஸ்ட் ஒண்ணு வந்துது. பெர்மனென்ட். கிரீன் கார்டுக்கு பேங்க்கே அப்ளை பண்ணும். மொதல்ல உங்களைத்தான் நெனைச்சேன்."

"தேங்க்ஸ் வெங்கி, நான்..."

"இருங்க. உங்களை அங்க ஏத்திட்டா இந்த வேலையை யாரு பாக்கறது? உங்க அசிஸ்டன்ட்டை டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். எதைக் கேட்டாலும் பசுபதியைக் கேளுங்கன்னுது. அப்பதான் புரிஞ்சுது, உங்களை இந்த சீட்லேருந்து அசைக்கவே முடியாது. யூ ஆர் டூ வேல்யுபிள். அதனால யாமினிக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப யாமினி பாத்த வேலை?"

"அதை அவ அசிஸ்டன்ட்டே பாத்துக்குது. வேற ஆள் எடுக்கல."

ஆக, பசுபதி சொன்னது எழுத்துக்கு எழுத்து பலித்துவிட்டது. யாமினியின் நாற்காலியை இயந்திரம் தின்றுவிட்டது. தின்னும்போது யாமினி அதில் உட்கார்ந்திருக்கவில்லை என்பது மட்டும் அவர் எதிர்பார்க்காதது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி விஷாகா கேட்டாள்: "மேனேஜர் கூப்பிட்டார்னு மெசேஜ் போட்டீங்களே, என்னவாம்?"

"நான் இல்லாம ஒண்ணும் நடக்காதாம். வேலை பத்திரம்."

"நல்லதுதானே? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

பசுபதி குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தார்.

"இல்ல... என்னை இவ்ளோ புகழ்றானே, எதுக்குன்னு பாக்கறேன்."