ஜேசிபியின் கடைசிச் சஹன்

கிணற்றடியில் குந்தியிருந்து சஹன் தேய்த்துக்கொண்டிருந்தான் றிம்சான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சோற்றில் கை வைக்கிற அகலத் தட்டுகள். அவனுடைய வாப்பா பக்கீர் முகைதீன் சாய்ந்தமருதில் கலியாண வீடுகளுக்குச் சஹனும் சட்டியும் கிடாரமும் வாடகைக்குக் கொடுப்பவர். போகுமுன் ஒரு தேய்ப்பு, திரும்பி வந்ததும் ஒரு தேய்ப்பு. அண்ணன்மாரான ஐந்து காக்காமாரும் தேய்த்துத் தேய்த்தே பெரியவர்களாகி, கத்தாருக்கும் கொழும்புக்கும் கலியாணம் முடித்த வீடுகளுக்கும் போய்விட, தேய்க்கிற தேங்காய்ப் பொச்சு கடைக்குட்டியின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

“அடிப்பக்கமும் தேய் மனே. சோத்த மேல மட்டுமா வைக்கிற?” குசினிக்குள்ளிருந்து உம்மா சுபைறா சத்தம் போட்டாள்.

“அடியில ஆரும்மா சோறு வைக்கிற?”

“நீ சாப்பிட்டா சோறு எங்கயெல்லாம் போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

வழமையாக இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பான். அன்றைக்குச் சஹனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தேய்த்தான். இந்தச் சஹன்கள் மறுநாள் போகவிருந்தது அவனுடைய பள்ளிக்கூடத்துக்குத்தான். உயர்தர வகுப்பு ஆண்பிள்ளைகளுக்குப் பிரியாவிடை. மற்றவர்களுக்கு அது விருந்து. றிம்சானுக்கு வழக்கு விசாரணை.

வழக்கு இதுதான். பிரியாவிடை முடிந்த கையோடு வகுப்பு முழுக்க ஒரே நிறத்தில் டீசேட் அடிப்பதாக ஏற்பாடு. முன்னால் பள்ளிக்கூடத்தின் சின்னம், பின்னால் அவரவரின் பட்டப்பெயர். றிம்சானின் பட்டப்பெயர் ஜேசிபி. மண் அள்ளுகிற மெசின்தான்.

அந்தப் பெயர் அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் விழுந்தது, வகுப்பாசிரியர் மசூர் சேரின் கலியாண வலீமாச் சாப்பாட்டில். பள்ளிக்கூட அதிபர் இருந்த சஹனில் ஒரு இடம் குறைய, யாரோ அவனைப் பிடித்து இருத்திவிட்டார்கள். அதிபர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கோழி இருந்த இடத்தில் எலும்பு இருந்தது. “மெசின் ஏதும் விட்டயளா?” என்று அதிபர் கேட்டாராம். அவ்வளவுதான்.

அவனைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. வீடு நிறையச் சஹன் கிடக்கிறதே என்று பக்கீர் முகைதீன் தனித்தனிச் சாப்பாட்டுக் கோப்பை வாங்காத மனிதர். ஆறு ஆண்பிள்ளைகளையும் சுற்றி இருத்திச் சோற்றைக் கொட்டிவிடுவார். ஐந்து பெரிய கைகளுக்கு நடுவில் கிடந்த சின்னக் கை, நாலு வயதிலேயே வேகம் பழகிவிட்டது. ஒரே மகள் ஜெனூபா மட்டும் உம்மாவோடு குசினியில் சாப்பிட்டதால் மனுசியாக வளர்ந்தாள்.

வகுப்புத் தலைவன் பர்ஹானிடம் றிம்சான் போன கிழமையே கெஞ்சிப் பார்த்தான்.

“மச்சான், எனக்கு மட்டும் சொந்தப் பேரப் போடுங்கடா. நாளைக்கு கெம்பஸ் போனாலும் உடுக்கிற சாமான். ஜேசிபி எண்டு முதுகில எழுதிக்கிட்டு எப்பிடிடா போற?”

“வாத்து எண்டு எழுதிக்கிட்டு சப்றான் போகல்லியா?”

“வாத்து உசிருள்ள சாமான்டா. நான் மெசின்.”

பர்ஹான் தாடையைத் தடவினான். இன்னும் தாடி முளைக்காத தாடை. “சரி. கடைசிச் சஹன்ல பாப்பம். மனிசன் மாதிரித் திண்டா றிம்சான். இல்லாட்டி ஜேசிபி. நானே உன்ட சஹன்ல இரிந்து பாப்பன்.”

அதனால் ஒரு கிழமையாக வீட்டில் பயிற்சி நடந்தது. மாஸ்டர், ராத்தா ஜெனூபா. முன்னறையில் தையல் மெசின் போட்டு ஊருக்கெல்லாம் பூவேலை செய்து கொடுப்பவள். ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே தம்பிக்குச் சாப்பிடக் கற்பித்தாள்.

“ஒரு பிடி வாயில வெச்சா, கைய முழங்கால்ல வை. மறுகா பக்கத்தில இரிக்கிறவன்ட சுகத்த விசாரி. அவன் பதில் செல்லி முடியும் வரைக்கும் சஹன்ல கை போகப்படா.”

“அவன் நீளமாக் கதைச்சா?”

“கதைக்கட்டும். சோறு எங்க ஓடியா போகப்போகுது?”

றிம்சான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். சஹனில் இருந்து பழகாதவள்.

ஆனாலும் முயன்றான். ஒரு பிடி தின்பான், கையை முழங்காலில் வைப்பான், “வாப்பா, எப்பிடி யாவாரம்?” என்பான். பக்கீர் முகைதீன் முதல்நாள் நெகிழ்ந்துபோனார். இரண்டாம் நாள் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள், “மோட்டர் சைக்கிள் கேக்கப் போறான் போல. நான் இல்லயெண்டு செல்லிப் போடு,” என்று சுபைறாவிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். சுபைறாவோ மகனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள்.

பிரியாவிடையன்று பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துச் சஹன்கள் வைக்கப்பட்டன. பேச்செல்லாம் முடிந்திருந்தது. மசூர் சேர் கண் கலங்கிப் பேசினார். சோற்று வாசம் வரத் தொடங்கியதால் ஒருவரும் கேட்கவில்லை. யார் எந்தச் சஹன் என்று சீட்டுக் குலுக்கினார்கள். றிம்சானின் சஹனில் விழுந்த நாலு பேரும் சீட்டைப் பார்த்துவிட்டு, சாவு விழுந்த மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சப்றான் தன்னுடைய சீட்டைப் பக்கத்துச் சஹன்காரனிடம் மாற்றக் கேட்டு, ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை. அஞ்சாவதாகப் பர்ஹான், நீதவான் மாதிரி வந்து றிம்சானுக்கு வலப்பக்கத்தில் அமர்ந்தான்.

கெண்டியால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவியாயிற்று. நெய்ச்சோறு, நடுவில் பொரித்த கோழி, சுற்றிவர இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு. பிஸ்மி சொன்னார்கள். றிம்சான் ஒரு சின்னப் பிடி எடுத்தான். சின்னப் பிடி என்றால், ஜெனூபாவே பார்த்தால் பெருமைப்படுகிற பிடி. வாயில் வைத்தான். கையை முழங்காலில் வைத்தான்.

“சப்றான், வாப்பாக்கு கால் ஒப்பரேசன் செஞ்சதே, இப்ப நடக்கிறாரா?”

சப்றான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாயில் இடமில்லை. இந்தப் பேய் இப்போது தொடங்கிவிடும், தொடங்கினால் நமக்கு அச்சாறுதான் என்ற பயத்தில் நாலு பேரும் பிஸ்மியோடு பாய்ந்திருந்தார்கள். வயதில் மூத்தவன் என்ற முறையில் கோழியைப் பிய்த்துப் பகிரவேண்டிய பர்ஹான், பிய்த்தான். பகிர மறந்துவிட்டான்.

“பர்ஹான், நீ மெய்யா அக்கவுண்டன்சி படிக்கப் போறியா? மெட்ஸ் எண்டா உனக்கு ஏலாதே மச்சான்?”

“ம்.”

“நாமெல்லாம் இனி எப்பிடா இப்பிடி இரிக்கிற?”

இதற்கும் “ம்” தான். அன்று அந்த மண்டபத்தில் பிரிவைப்பற்றிச் சேருக்குப் பிறகு பேசியவன் றிம்சான் ஒருவன்தான். கேட்கவேண்டியவர்கள் மூச்சு விடவும் நேரமில்லாமல் சஹனுக்குள் குனிந்திருந்தார்கள். அவன் பதிலுக்குக் காத்திருந்தான். ராத்தா சொன்ன சட்டம், பதில் வரும்வரை கை போகக்கூடாது. பதில் வரவேயில்லை. கத்தரிக்காய் போயிற்று. இறைச்சி போயிற்று. கோழியின் நெஞ்சுப் பக்கம் பர்ஹானின் கன்னத்துக்குள் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. றிம்சானின் கை முழங்காலிலிருந்து தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. இடக்கையால் அதை அமத்திப் பிடித்தான்.

கொஞ்ச நேரத்தில் சஹனின் அடி தெரிந்தது. நேற்று அவனே தேய்த்த அடி. நன்றாகத்தான் மின்னியது.

மண்டபத்தைச் சுற்றி வந்த மசூர் சேர் வெறும் சஹனைக் கண்டார். மைக்கைத் தூக்கினார்.

“நம்மட ஜேசிபிர சஹன் இப்பவே முடிஞ்சிரிச்சி! இன்னொண்டு கொண்டாங்க!”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. பர்ஹான் நியாயமானவன். எழும்பிக் கையை உயர்த்தினான். வாய் நிறையக் கோழியோடு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். விழுங்கினான். விக்கல் பிடித்தது.

“சேர், அவன், ஹிக், திங்கல்ல. நாங்கதான், ஹிக், எல்லாத்தையும்…”

மசூர் சேரின் கண் மறுபடி கலங்கியது. “பாத்தயளா புள்ளயள்? கூட்டாளிர குத்தத்தத் தன்ட தலையில போட்டுக்கிறான். இதுதான் நட்பு!” என்று மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். றிம்சானும் தட்டினான். கை சும்மாதானே கிடந்தது.

இரண்டாம் சஹன் வருமுன் சோற்றுக் கிடாரம் வழித்தாகிவிட்டதென்று செய்தி வந்தது. இனிப்புக்கு வைத்திருந்த வட்டிலப்பம் ஆளுக்கொன்று கிடைத்தது. அன்று பின்னேரம் வீட்டில் சோற்றுப் பானையோடு இருந்து அவன் தின்ற தினுசைப் பார்த்து, “கொத்தமல்லி வேல செஞ்சிரிச்சி, அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் சுபைறா.

பத்து நாளில் டீசேட் வந்தது. பர்ஹான் சொன்ன சொல் தவறவில்லை. றிம்சானின் முதுகில் வெள்ளை எழுத்தில் றிம்சான் என்றே இருந்தது. அந்தச் சஹனில் இருந்த மற்ற அஞ்சு பேருக்கும் வகுப்பு கூடித் தண்டனை கொடுத்திருந்தது. பர்ஹான் டோசர். சப்றான் வாத்து பதவியிலிருந்து ரோலருக்கு உயர்ந்திருந்தான். மற்ற மூவரும் டிப்பர், ட்ரக்டர், மிக்சர். கடற்கரையில் படம் எடுக்க எல்லாரும் கூடியபோது அந்த அஞ்சு பேரும் தோளில் கை போட்டு முதுகைக் காட்டி நின்றார்கள். வீதி அபிவிருத்தி வேலைக்கு வந்த பட்டாளம் மாதிரி இருந்தது. தோணி இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வாசித்துச் சிரித்தார்கள்.

“டிப்பர் இஞ்சால வா! மிக்சர் குனி! டோசர்ர தல மறைக்கிது!” படம் பிடித்தவன் கத்தினான். எல்லாரையும் கூப்பிட்டான். றிம்சானை மட்டும், “அந்த ஓரத்தில நிக்கிற தம்பி, நீங்க ஒள்ளுப்பம் உள்ளுக்கு வாங்க,” என்றான்.

படம் வகுப்பு வட்சப் குறூப்பில் ஏறியது. கொழும்பில் படிக்கப் போயிருந்த பழைய வகுப்புக்காரன் ஒருவன் கேட்டான்: “எல்லாரையும் விளங்குது. ஆருடா இந்த றிம்சான்?” அதற்கு யாரோ சிரிப்பு முகம் போட்டார்கள். மசூர் சேர் மட்டும், “ஜேசிபி ஏன் படத்துக்கு வரவில்லை? சுகமில்லையா?” என்று அக்கறையோடு எழுதியிருந்தார்.

றிம்சான் போனை மூடி வைத்தான். டீசேட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். புது மையும் கடல் உப்பும் மணத்தது. முன்னறைக்குப் போனான். ஜெனூபா மெசினில் இருந்தாள். சுபைறா பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா.”

“என்ன?”

“இதுக்குக் கீழால… சின்னனா… ஒரு எழுத்து போடேலுமா?”

“என்ன எழுத்து?”

றிம்சான் யன்னலைப் பார்த்தான். சீலிங் ஃபேனைப் பார்த்தான். “ஜேசிபி,” என்றான்.

மெசின் நின்றது. ஜெனூபா தலையைத் துணியில் வைத்துக் குலுங்கத் தொடங்கினாள். “அல்லாவே, ஊசி குத்தப் போகுது, செல்லாதடா, செல்லாதடா…”

“சிரிக்காத ராத்தா. மஞ்சள் நூலில போட்டா வடிவா இரிக்கும். மெசின் மஞ்சள்தானே.”

ஜெனூபாவால் இனிப் பேச ஏலாது. மெசினைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சுபைறா மடித்த சாரனை மடியில் வைத்தபடி மகனைப் பார்த்தாள்.

“பேர் வேணும் பேர் வேணும் எண்டு ஒரு கிழமையா வயித்தக் கட்டிக்கிட்டுக் கிடந்தயாம், ராத்தா செல்லித்தான் எனக்குத் தெரியும். பெத்த உம்மா வெச்ச பேர், அழகா எழுதி வந்திரிக்கி. இப்ப அது காணாதா மனே?”

றிம்சான் டீசேட்டை மெசின் மேல் வைத்தான். பக்கத்தில் நூல்கட்டைப் பெட்டியைக் கிளறி, மஞ்சள் கட்டையைத் தேடி எடுத்து டீசேட்டின் மேல் நிமிர்த்தி வைத்தான். பிறகு, தேய்க்கச் சஹன் கிடக்கிற ஆளைப் போல, பின்வாசலால் இறங்கிப் போனான்.