காலை நடையில் மட்டும் முனகிய பஸ்

என் மேஜைமேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பூவரசங்கட்டை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ சாமி சமாச்சாரம் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி வைக்கிறார்கள். மரியாதைக்குரியதுதான். என் அறிவை அளந்து பார்த்த கோல் அது.

ஐம்பதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த கையோடு, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். ஓட்டியவரை ஊரே டிரைவர் பாய் என்றது. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியின் ஸ்டியரிங்கை வேறு ஆள் தொட அவர் விட்டதில்லை. ஓர் ஆடி மாதம் அது முனக ஆரம்பித்தது. மண்டபத்தில் கருவாட்டுக்கார ஆத்தா கூடையோடு ஏறும் காலை நடையில் மட்டும், வேகம் பிடித்ததும், உள்ளே எங்கிருந்தோ ‘ஊம்ம்ம்’ என்று எழும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஷெட்டில் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாலோ பரம சாது. பாய்தான் ஏதோ தேய்த்துவிட்டார் என்று முதலாளி முடிவு கட்டினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லாட்டி வேற ஆளு ஓட்டட்டும்” என்றார். அன்று பாய் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

படித்தவன் சும்மா இருக்கலாமா? நூலகத்தில் இயந்திரப் புத்தகம் ஒன்றில் மூன்று அத்தியாயம் படித்துவிட்டு, பின் அச்சில் பல்சக்கரம் தேய்ந்த வரலாற்றைப் பயணிகளுக்குப் படம் போட்டு விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார். “பல்லு தேஞ்சா சாயங்காலமும்ல கத்தணும் தம்பி? காலையில மட்டும் கத்த அது என்ன சேவலா?” அன்று மாலையே நான்காவது அத்தியாயம் படிக்க நூலகத்துக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை. உச்சிப்புளிக்கு முந்தைய நேர் ரோட்டில் சத்தம் உச்சத்துக்குப் போனபோது பாய் என்ஜினை நிறுத்தினார். வண்டி சும்மா உருண்டது, முனகல் நிற்கவில்லை. “பாத்தீங்களா, பின் அச்சு!” என்று கூவினேன். வண்டி உருண்டு உருண்டு நின்றது. பனைகளை உலுக்கிக்கொண்டு ஒரு காற்று வந்தது. நின்ற வண்டி முனகியது! பாய் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். “நிக்கிற வண்டியில ஏதுடா அச்சு சுத்துது? காத்து தம்பி, காத்து! ஷட்டரப் பூரா எறக்கு!”

ஒவ்வொன்றாக இறக்கினேன். முனகல் அசையவில்லை. கடைசி ஷட்டர் இறங்காமலிருக்கச் சட்டத்தில் செருகியிருந்த கட்டையை உருவினேன். ஷட்டர் விழுந்ததும் நிசப்தம். “தூக்கு!” தூக்கினேன். ஊம்ம்ம்! பஸ்ஸே ஆரவாரித்தது. அப்போது ஆத்தா கேட்டாள்.

“ஏலே கண்டக்டரு, கையில என்னலே?”

“முட்டுக்கட்டை ஆத்தா. ஒங்க கருவாட்டு நாத்தம் போக ஷட்டருக்கு வச்சேன்.”

“எங்கன புடுங்குன?”

அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே ஓடிய கைப்பிடிக் குழாயின் வாய் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. அதை அடைத்திருந்த கட்டையைத்தான் பிடுங்கியிருக்கிறேன். ஜன்னல் திறந்ததும் காற்று அதை நாயனமாக ஊதியிருக்கிறது. ஆத்தா இறங்கியதும் கடமை தவறாமல் ஷட்டரை இறக்கி வைத்தவனும் நானேதான்; அதனால்தான் சாயங்காலமும் ஷெட்டிலும் சத்தமில்லை. “எங்கூடைய நாறுதுன்னானே, படிச்ச புள்ள!” என்று ஆத்தா சிரித்த சிரிப்பில் கருவாடே குலுங்கியது.

வெள்ளிக்கிழமை முதலாளி ஏறி உட்கார்ந்து ராமநாதபுரம் வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். சத்தமில்லை. “என்னய்யா கோளாறு?” என்றார். என் வேலை பாயின் நாக்கில் தொங்கியது.

“காத்து மொதலாளி” என்றார் பாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

குழாய்க்குப் புதுக்கட்டை சீவி அறைந்திருந்தார். பழையதை என் உள்ளங்கையில் வைத்தார். “பட்டம் ஒண்ணு பத்தாது தம்பி. இதையும் வச்சுக்க.”

இந்த ஆடியிலும் காற்று பேயாய் அடிக்கிறது. என் அறை ஜன்னல் படபடக்கிறது. “அந்தக் கட்டையைச் செருகினால்தான் என்ன?” என்கிறாள் மனைவி. மாட்டேன். காகிதத்தை மடித்துச் செருகுகிறேன். அதுவும் எதிலிருந்து கிழித்தது என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.