கடைசிச் சிவப்பு டையோடு

இடது கையின் இரண்டு நகங்களுக்கு நடுவில் ஒரு பித்தளை உருளை. டிவிடி ரைட்டருக்குள் இருக்கும் லேசர் டையோடு அது. உளுந்து பருமன்தான் இருக்கும். அதற்கு மூன்று கால்கள். வலது கை, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புச் சரட்டை அந்த மூன்று கால்களையும் சேர்த்து நாலு சுற்று சுற்றி இறுக்கியது. அதன் பிறகுதான் கத்திரிக்கோல், அதை ரைட்டரோடு இணைத்திருந்த ரிப்பன் கேபிளைத் தொட்டது. முதலில் சரடு, பிறகு வெட்டு. மாற்றிச் செய்தால் உடம்பில் ஊறியிருக்கும் துளி மின்சாரம் போதும், டையோடு செத்துவிடும். சத்தம் வராது, புகை வராது. சாகிறதே தெரியாது.

சட்டை ஆணியில் தொங்கியது. பாலியஸ்டர் உரசினால் அந்த மின்சாரம் ஊறும்; சட்டையோடு அந்தக் கைகள் டையோடைத் தொடுவதில்லை. பதினோரு டையோடு செத்த பிறகு கற்றுக்கொண்ட பாடம் அது. கீழ்வேளூர் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்: இளையபெருமாள் கடையில் சட்டை ஆணியில் தொங்கினால் வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டும்.

"ஏங்க, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி மாப்பிள்ளை மாதிரி வெத்து மேலோட உக்காந்திருக்கப் போறீங்க?" என்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்த நீலாம்பாள் கேட்டாள்.

"இதோட முடிஞ்சிது. இதுதான் கடைசி."

உண்மையாகவே அது கடைசிதான். ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், மூடிப்போன பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் பழைய டிவிடி ரைட்டர்களை இவரிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் டிவிடி போடும் வாயே இல்லை. பழைய இரும்பு எடுக்கும் வீரையனிடம் சொல்லிவைத்து எட்டு மாதமாகிறது. "அண்ணே, ஃபிரிட்ஜு வேணுமா சொல்லுங்க, நாளைக்கே ரெண்டு வருது. நீங்க கேக்குறது வரவேமாட்டேங்குது" என்றுதான் பதில்.

இளையபெருமாளுக்கு நாற்பத்தேழு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் கேபிள் டிவிக்காரரிடம் ஒயர் இழுத்து, ரேடியோ பிரித்து, இங்கிலீஷில் இருக்கும் டேட்டா ஷீட்டை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து, யாரும் சொல்லித்தராமல் கற்றவர். முதல் லேசரை எடுத்தது விளையாட்டுக்குத்தான். நாலடி தூரத்தில் கறுப்பு பலூனை உடைத்தார், தீக்குச்சியைப் பற்றவைத்தார். பிறகு ஒரு நாள், அதே டிவிடி ரைட்டரின் மோட்டாரில் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து ஒட்டிச் சுழலவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் சிவப்புப் புள்ளி அறையின் நாலு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடாக ஓடியது. அதைப் பார்த்தபோது அவருக்கு வயல்தான் ஞாபகம் வந்தது.

கடைமடைப் பகுதி அது. ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆவணியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவார்கள். தண்ணீர் கட்டினால் மேடு பள்ளம் தானாகத் தெரியும். புழுதியில் எப்படித் தெரியும்? வயலில் பத்தடிக்கு ஒரு குச்சி அடித்து, சிவப்புக் கோடு விழும் இடத்தில் பெயிண்ட் குறி வைத்துவிட்டால், எங்கே வெட்டி எங்கே நிரப்புவது என்று டிராக்டர்காரருக்குத் தெரியும். முதன்முதலில் இதற்கு வயலைக் கொடுத்தவள் செம்மொழி. மூன்று வயலைக் குத்தகைக்கு எடுத்து ஒற்றை ஆளாகச் சாகுபடி செய்பவள். அன்று அவள் வரப்பில் ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள். தன் அப்பா வாழ்நாள் முழுக்கக் குனிந்து நின்ற வயல்காட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மூன்று வருஷம், பதினேழு வயல். கிடைத்தது டீயும் பெட்ரோல் காசும்தான். அவருக்கு அந்த நாற்காலி போதும்.

அப்புறம் பரணிதரன் வந்தான்.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பன்னிரண்டு வருஷம் சிங்கப்பூர் கட்டடங்களில் சர்வே வேலை பார்த்துவிட்டு, மூன்று கால் ஸ்டாண்டும் ஒரு லேசர் பெட்டியுமாகத் திரும்பினான். பச்சை வெளிச்சம். வைத்த இடத்தில் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும். பார்த்து முடித்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம்.

அந்த 'பீப்'தான் இளையபெருமாளின் வயிற்றில் போய் விழுந்தது. அவருடைய கருவியில் மூன்று போல்ட்டைத் திருகி, ரசமட்டக் குமிழியைப் பார்த்து, மறுபடி திருகி, ஒரு இடத்தில் நிறுத்த அரைமணி நேரம் பிடிக்கும். அந்தத் திருகலைக் கற்க மூன்று வருஷம் ஆயிற்று. அவனோ பட்டனை அழுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைக்கிறான்!

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேர் "பரணி மிஷின்" என்று பேசினால் இவருக்கு டீ கசந்தது. பரணி யார் வயலுக்குப் போகிறான் என்று விசாரிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனால் எல்லா வயலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு சாயங்காலம் கேஸ் புக் பண்ணப் போவதாகச் சொல்லிவிட்டு, ஊருக்கு வெளியே கருவேலம்புதருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகில் எறும்பு ஏறியது தெரியவில்லை. கோடு அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் செம்மொழியே கடைக்கு வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் பரணியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மூணு வயலையும் ஒரே சாயங்காலத்துல முடிச்சிடுறேங்கிறாரு. மழைக்கு முன்னாடி விதைக்கணும்ல."

"தாராளமா. நல்ல மிஷின்தானே" என்றார். சொன்னபோது பல்லெல்லாம் கூசியது.

அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் கருவியை எடுத்து மேஜையில் வைத்தார். டையோடுக்குப் போகும் கரண்டை நூற்றெண்பது மில்லி ஆம்பியருக்கு மேல் அவர் ஏற்றியதே இல்லை. அன்று கரண்டை ஏற்றும் ஸ்குரூவைத் திருகினார். இருநூற்றிருபது. சுவரில் கோடு பளிச்சென்றது. இருநூற்றறுபது. இன்னும் பளிச்சென்றது. பச்சையை மிஞ்ச இன்னும் கொஞ்சம்தான் என்று தோன்றியது. முந்நூறு தாண்டியது. கோடு சட்டென்று மங்கியது. திருகைத் திருப்பிக் குறைத்தார், வெளிச்சம் திரும்பவில்லை. டையோடு எரிந்துகொண்டுதான் இருந்தது, சாமி படத்துக்கு முன்னால் வைக்கும் சின்னச் சிவப்பு பல்பு மாதிரி. அது லேசர் இல்லை, வெறும் வெளிச்சம். நாலடியைத் தாண்டவில்லை. இந்த வேலையைக் கற்பவர் யாரும் செய்யக்கூடாது என்று அவரே நூறு பேருக்குச் சொன்ன தப்பு அது.

அதனால்தான் இன்று காலை, வெகுநாளாகப் பரண்மேல் பத்திரப்படுத்தியிருந்த கடைசி ரைட்டரைப் பிரித்தார். அதன் டையோடைத் தன் கருவியில் வைக்கத்தான் உட்கார்ந்திருந்தார்.

"பெருமாளு!"

வாசற்படியில் பரணிதரன். ஆணியில் சட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றான். கையில் கறுப்புப் பை.

"என்னடா?"

"மிஷின் வரப்புல இருந்து சறுக்கி வாய்க்கால் கட்டைச் சுவர்ல மோதிடுச்சுடா. பீப் அடிக்குது, வெளிச்சம் வரல. மெட்ராசுக்கு அனுப்பினா இருபது நாளாம். இன்னிக்கு சாயங்காலம் செம்மொழி வயலு. டிராக்டர் நாளைக் காலையில வருது. நாளன்னைக்கு மழைங்கிறான்."

நீலாம்பாள் இவர் முகத்தையே பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. உள்ளே மட்டும் தேர் நகர்ந்தமாதிரி ஒரு ஆனந்தம்.

"சிங்கப்பூர் மிஷினு. நானெல்லாம் கைவைக்கலாமா?"

"குத்தாதடா. உன்னை விட்டா இந்தப் பக்கம் யாரிருக்கா?"

"வச்சிட்டுப் போ. பாக்கிறேன்."

பிரித்தார். பச்சை டையோடு உடைந்திருந்தது. அந்த மாதிரி இங்கே கிடைக்காது. உள்ளே லேசரைத் தாங்கும் தலை, கடிகாரப் பெண்டுலம் போலத் தொங்கியது. அது அசைந்து நிற்பதுதான் தானாக மட்டம் பார்ப்பது. ரகசியம் இவ்வளவுதானா என்று ஒரு கணம் இளப்பமாக இருந்தது. அடுத்த கணம், இது தனக்குத் தோன்றவில்லையே என்று எரிந்தது.

பச்சை இருந்த பொந்தை அளந்தார். கையிலிருந்த சிவப்பும் அதே அளவு.

"முடியாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் நீலாம்பாள். "உங்க கருவியில போட்டு நீங்களே போய்ச் செய்யுங்க. மறுபடி நாற்காலி போடுவா."

அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கணக்குப் போட்டே பழகிய மனசு, வேண்டாம் என்றாலும் கணக்குப் போட்டது. சிவப்புக் கோடு தெரிவது பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம். ஒவ்வொரு வயலுக்கும் கருவியை மாற்றி வைத்து நிறுத்த அரைமணி. தன் கருவியால் இன்று ஒரு வயல் முடியும். இந்தப் பெட்டியால் மூன்றும் முடியும். மீதி இரண்டு வயலில் செம்மொழி மேடும் பள்ளமுமாக விதைத்து, பள்ளத்தில் முளை அழுகும்.

"அவன் நாற்காலியில உக்காரட்டும்" என்றார் எரிச்சலாக, சால்டரிங் அயர்னைச் சூடாக்கியபடி.

சிவப்பைப் பொந்தில் இறக்கினார். பச்சைக்கான சர்க்யூட்டைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய சின்ன ரெகுலேட்டரை வைத்தார். தொங்கும் தலைக்குப் போகும் ஒயர் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் தலை சாயும் என்பதால், பழைய இயர்போனிலிருந்து முடி மாதிரிச் சரடுகளை உருவிப் பற்றவைத்தார். கடைசியாகத்தான் கால்களைச் சுற்றியிருந்த செம்புச் சரட்டை அவிழ்த்தார். கரண்டை நூறோடு நிறுத்தினார். ஒரு மயிரிழைகூட மேலே ஏற்றவில்லை.

பக்கத்து ரைஸ் மில் குடோனில் பகலிலும் இருட்டுதான். அங்கே டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் பார்ப்பது போல நாற்பதடி இடைவெளியில் இரண்டு தூணில் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போட்டார். பெட்டியை வைத்து பட்டனை அழுத்தினார். 'பீப்.' சிவப்புக் கோடு ஓடியது. முதல் தூணில் பென்சில் கோட்டின் மேலேயே விழுந்தது. இரண்டாவதில் ஒரு விரற்கடை கீழே.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார்.

பரணி தண்ணீர் டியூபை வைத்துச் சரிபார்க்கிறவன் இல்லை. பீப் அடித்தால் அவனுக்கு மட்டம். இந்த ஒரு விரற்கடை, செம்மொழி வயலின் மறுகோடியில் மூன்று விரற்கடையாகும். ஒரு பக்கம் தண்ணீர் ஏறாது, ஒரு பக்கம் வடியாது. "பரணி மிஷின் பொய் சொல்லுதுப்பா" என்று டீக்கடையில் பேசுவார்கள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப்பார்த்தார். வெல்லம் மாதிரி இருந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். பெட்டியை மூடினால் போதும்.

மூடக் கை வரவில்லை. தூணில் கிடந்த கோடு சிவப்பு. பரணியின் பச்சை தப்பாக விழுந்திருந்தால் இந்நேரம் மூடியிருப்பார். இது அவர் நகத்துக்கு நடுவில் பிடித்து எடுத்த டையோடு. வயல் கோணலாகப் போனால், ஊருக்குத் தெரியாவிட்டாலும், கோணலாகப் போன கோடு அவருடையது.

"சனியன்" என்று யாரையோ திட்டிவிட்டு, தொங்கும் தலையின் பக்கத்து ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருகினார். அரை விரற்கடை. மறுபடி. இரண்டு தூணிலும் பென்சில் கோடு சிவப்புக்குள் மறைந்தது. பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையும் சரியாக இருந்தபோது மணி நாலே முக்கால்.

ஐந்துக்கு பரணியும் செம்மொழியும் சேர்ந்து வந்தார்கள். இளையபெருமாள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் இருவரும் உள்ளே வந்தார்கள். பெட்டியைக் கடையின் இருட்டு மூலையைப் பார்க்க வைத்து பட்டனை அழுத்தினார்.

"ஐயே, செவப்பா வருது!" என்றான் பரணி.

"பச்சை வராது. உள்ள இருக்கிற கரண்ட் ஸ்குரூவை இதுக்கு மேல திருகாதே. டையோடு செத்துடும்."

"பகல்ல தெரியுமா?"

"தெரியாது. என்னைமாதிரி பொழுது சாயக் காத்திரு."

செம்மொழி கோட்டையே பார்த்தாள். "இது நம்ம அண்ணன் கோடுல்ல?" என்றாள். "எங்க கிழக்கு மூலையில முன்னாடி ஓடுச்சே, அதேதான்."

பரணி பெட்டியை அணைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினான். "சரி, நீயும் வாயேண்டா" என்றான். "ஒரு நாற்காலிதான் இருக்காம். நீ உக்காரு, நான் குச்சி அடிக்கிறேன்."

"கடை இருக்கு." அந்த நாற்காலியை அவன் வாயால் கேட்பதும் பிடிக்கவில்லை. டியூபைச் சுருட்டி அவன் தோளில் மாட்டினார். "வயலுக்கு வயலு தண்ணி வச்சுப் பாரு. பீப் அடிச்சிதுன்னு நம்பாதே."

பரணி கறுப்புப் பையைத் திறந்து பிடித்தான். உள்ளே மெத்தென்று பஞ்சு. பெட்டிக்கென்றே தைத்த பள்ளம். அந்தப் பையைப் பார்த்துக்கூட இளையபெருமாளுக்கு எரிந்தது. தன் கருவி மஞ்சள் துணிப்பையில்தான் போகும், வரும். இனி அதுவும் போகாது.

பெட்டியைத் தூக்கினார். பரணி ஒரு கையை நீட்டினான்.

"ரெண்டு கையாலயும் பிடிடா" என்றார். அவன் இரண்டு கையாலும் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, விட்டார்.