ஒரு கை சீனி

ஒரு முதியவர் தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன உண்மையை நான் வெட்டி எறிந்துவிட்டேன். அவருக்கு அது தெரியாது. அவர் மகளுக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

கை தவறி நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒலிப்பதிவுகளைச் செம்மைப்படுத்துவது என் தொழில். எங்கே வெட்டுகிறேன், எதற்காக வெட்டுகிறேன் என்று அறியாமல் நான் எதையும் வெட்டுவதில்லை...

ஜொகூர் பாருவில் ஓர் ஓவியக் காட்சிக்கூடம். ஜப்பானியர் காலத்தில், சயாமுக்கு ரயில் பாதை போடுவதற்காக நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள் அல்லவா? போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றிய ஓவியங்களுக்கு அங்கே ஒரு சுவரை ஒதுக்கியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓவியத்தின் முன் நிற்பார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்தைப் பார்த்தவர் ஒருவரின் குரலைக் கேட்பார்கள். பிறகு உட்கார்ந்து மனித உரிமையைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தக் குரலைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. மொழிபெயர்ப்பும் என்னுடையதே. குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை மறந்துவிடாதீர்கள். என்னைச் சரிபார்க்க அங்கே எவரும் இல்லை!

யோங் பெங்கில் மாரிமுத்து ஐயாவின் வீட்டுக்குப் போனேன். எண்பதைக் கடந்தவர், மகள் சாந்தி அக்காவோடு இருக்கிறார். அக்கா எனக்கு மைலோ கலக்கினார். ஐயாவுக்குப் பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர்.

“அப்பாவுக்கு எப்பவும் தே ஓ கோசோங்தான்” என்றார் அக்கா. “இனிப்பு நீர் வியாதி இல்ல, வேற ஒரு நோவும் இல்ல. தீபாவளிக்கு நான் கிண்டற கேசரியக்கூடத் தொடமாட்டாரு. நாக்கே செத்துப்போன மனுசன்!”

“ஒன் கேசரிய தின்னவங்களுக்குத்தான் நாக்கு செத்துப்போகும்” என்றார் ஐயா. மூவரும் சிரித்தோம்.

அக்கா கடைக்குக் கிளம்பியதும் அவர் குரல் மாறியது.

“சாந்தி வர்றதுக்குள்ள சொல்லிடறேம்மா. அப்ப எனக்கு ஆறு வயசு. ரப்பர் காயவெக்கிற பொகைக்கொட்டாயில எங்கப்பா ஒளிஞ்சிருந்தாரு. லாரி வந்து நின்னுச்சி. எங்க மண்டோர், வேல வாங்கற கங்காணி, நம்ம ஆளுதான், என்னைக் கூப்பிட்டு கைய நீட்டச் சொன்னாரு. ஒரு கை சீனி கொட்டினாரு. மரவள்ளிக்கெழங்கத் தவிர வேற எதயும் பாக்காத வாயி... நக்கினேன். ‘அப்பா எங்கடா?’ன்னாரு. அந்தக் கையாலதான் காட்டினேன். சீனி ஒட்டியிருந்துச்சிம்மா, வெரல்ல. எங்கப்பாவ இழுத்துட்டு வந்தாங்க, போனவரு திரும்பல.”

நான் கருவியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

“எங்கம்மாகிட்டகூட சொல்லல. இத என் மக கேக்கணும். மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க அந்த மிசின்ல போடுங்க. அங்க வந்து கேட்டுக்கட்டும்.”

சரி என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்... சரி ஐயா என்று!

இனி என் காரணங்கள். வரிசைப்படுத்தாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. முதலாவது, நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள் என்று காட்சிக்கூடப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். இரண்டாவது...

இல்லை, முதலாவதே பொய். வெட்டுவதற்கு வேறு பகுதிகள் இருந்தன. தோட்டத்து மாடுகளைப் பற்றி, குடியிருந்த லயத்துக் கூரையைப் பற்றி அவர் நீளமாகப் பேசியிருந்தார். அவற்றை விட்டுவிட்டு இதில் கை வைத்தேன்.

உண்மை இதுதான்: எனக்கு வெட்கமாக இருந்தது. எவரெவர் துயரத்துக்கோ நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. நமக்குக் கிடைத்தது ஒரு சுவர். அந்தச் சுவரில் போய், காட்டச் சொன்னவனும் நம்மவன், காட்டியவனும் நம் வீட்டுப் பிள்ளை என்று எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் மூன்று மொழிகளில் சொல்வதா? கேட்டு முடித்ததும் அவர்கள் நிரப்ப வேண்டிய தாளில் ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று ஒரு கேள்வி இருந்தது. எவனாவது ‘அந்தப் பையன்’ என்று எழுதிவிட்டால்?

நம்மைச் சுத்தமாக வைக்க நினைத்தேன். சுத்தமானவர்களுக்காக மட்டுமே உலகம் அழும் என்று நான் எங்கே கற்றுக்கொண்டேன்?

ஒரு கொடுமை, ஆறு வயதுக் குழந்தையின் பசியைக்கூடத் தன் கருவியாக்கிக்கொள்ளும். அதைப் புரியவைக்கத்தானே அந்தச் சுவர்! அதைப் புரியவைக்கக்கூடிய இடத்தையல்லவா நான் எடுத்துவிட்டேன்...

அக்காவுக்கு முழுப் பதிவையும் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம். அதற்கடுத்த வாரம். கொடுக்கவில்லை.

திறப்பு நாளன்று ஐயா சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ஹெட்போனை நீட்டியதும் காதுக் கருவியைத் தொட்டுக் காட்டி மறுத்தார். “எனக்கெதுக்கு? நான் பேசினதுதானே. அவகிட்ட குடுங்க.”

சாந்தி அக்கா மாட்டிக்கொண்டார். எதிரே ஓவியம்: முகமில்லாத மனிதர்கள் தண்டவாளக் கட்டைகளைத் தோளில் சுமந்து போகிறார்கள். அக்கா ஓவியத்தைப் பார்த்தார். ஐயா அக்காவின் முகத்தை மட்டுமே பார்த்தார். அவர் விரல்கள் சட்டை நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டன.

அக்கா அழுதார். ஹெட்போனைக் கழற்றியதும் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டார். அந்தக் கையை!

“இவ்ளோ நாளா இத மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்களாப்பா?”

“கோவம் இல்லியாம்மா?”

“ஐயோ, உங்க மேல எனக்கு என்னப்பா கோவம்!”

கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். ‘அக்கா, நீங்கள் கேட்டது முழுதும் அல்ல’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சொன்னேனா? ஒலியளவைச் சரிபார்ப்பவள் போலக் குனிந்துகொண்டேன்...

பிறகு எதிரே இருந்த மாமாக் தேநீர்க் கடைக்குப் போனோம். அக்கா வழக்கம்போல, “அப்பாவுக்கு தே ஓ கோசோங்” என்றார்.

“வேணாம். சீனி போட்டே கொண்டு வரச் சொல்லு” என்றார் ஐயா.

“அலமாக்! மழ கொட்டப்போவுது!” அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

ஐயா சிரிக்கவில்லை. கரண்டியால் மெதுவாகக் கலக்கினார். ஒரு வாய் குடித்தார். கண்களை மூடிக்கொண்டார். அக்கா கை கழுவப் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

“கேட்டுட்டா. ஒரு வார்த்த திட்டல பாருங்க. நீங்க நல்லா இருப்பீங்கம்மா.”

அந்த வாழ்த்தை நான் வாங்கிக்கொண்டேன். மறுக்கவில்லை. நீங்கள் என்னை வெறுப்பதாக இருந்தால், வெட்டியதற்காக வெறுப்பதைவிட இதற்காக வெறுங்கள்!

சென்ற மாதம் தம்போயிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. இப்போதெல்லாம் சாந்தி அக்காவே வந்து பிள்ளைகளிடம் பேசுகிறார். கேட்டு முடித்த சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“ஆன்ட்டி, உங்க தாத்தா ஒளிஞ்சிருந்தாருன்னா, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? யாரு காட்டிக் குடுத்தா?”

“அதான் தெரியல கண்ணு. எவனோ ஒருத்தன். அவனுக்கு நல்ல சாவு வந்திருக்காது!” என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே முழுசா கேட்டீங்க. அப்பா ஏதாச்சும் சொன்னாரா?”

“பதிவுல இல்லக்கா” என்றேன்.

சுவரில் ஓடும் பதிவில் இல்லைதான். அந்த அளவில் நான் பொய் சொல்லவில்லை. என் படிப்பு எனக்குக் கற்றுத்தந்த நேர்மை அவ்வளவே!

“கேட்டாலும் சொல்ல மாட்டாரு” என்று அக்கா சிரித்தார். “இப்ப ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறாரு, தெரியுமா? டாக்டர் சத்தம் போடறாரு.”

முழுப் பதிவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை மீண்டும் சேர்த்தால் அந்தக் குவளையை அவர் கையிலிருந்து நான் பிடுங்க வேண்டும். சேர்க்காவிட்டால், தன் அப்பாவைத் தானே சபித்துக்கொண்டிருக்கும் ஒரு மகளை ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எது சரி என்று உங்களிடம் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கில்லை.

அந்தச் சிறுமி மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். “லாரி வந்து நின்னுச்சி” என்றது ஐயாவின் குரல். “எங்கப்பாவ இழுத்துட்டு வந்தாங்க” என்றது.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஓர் ஒட்டு இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் அது உங்கள் காதுக்குப் பிடிபடாது. அவ்வளவு நன்றாக வெட்டியிருக்கிறேன்...