லோஷன் பார்க்கக் கருமத்தம்பட்டிக்கு

காலை ஐந்தேகாலுக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் 215 ரூபாய். மடியில் ஒரு கட்டைப்பை. அதற்குள் நான்கு பாட்டில் லோஷன். அதைச் செய்த பெண்ணிடமே திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் பயணம். மருதமலையையும் ஊட்டியையும் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் வேறு கட்டுரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. சீயக்காய், குளியல் பொடி, செக்கு எண்ணெய், வீட்டில் செய்த சோப்பு விற்கிறேன். கருமத்தம்பட்டியிலிருந்து கவிதா என்ற பெண் மாதிரிக்கு ஐந்து பாட்டில் லோஷனைக் கூரியரில் அனுப்பியிருந்தார். எல்லாமே இயற்கை, வீட்டுத் தயாரிப்பு என்று லேபிளில் எழுதியிருந்தது. ஒன்றை உடனே என் குதிகாலுக்குப் போட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை. இரண்டே நாளில் வெடிப்பு மிருதுவானது. விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது பாட்டிலைத் திறந்தால் மூடிக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள். புளித்துப்போன மாவின் வாடை. மற்ற மூன்றும் அப்படித்தான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். நான் மாதம் நூறு பாட்டில் எடுத்தால் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். எடுத்தால் என்ன, எடுப்பேன் என்றே நம்பி, இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாக சூப்பர்வைசரிடம் சொல்லியும் விட்டாராம். ஒருத்தியின் வேலை சம்பந்தப்பட்ட விஷயத்தைப் போனில் சொல்லிவிட்டு வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு என் கடை அலமாரியிலா அவர் அடுப்படியிலா என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம். தாராபுரத்துக்குப் பிறகு சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆடிக் காற்றில் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. தாராபுரத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் பையை எட்டிப் பார்த்து, அது என்னங்க என்றார். கைகாலுக்குப் போடும் லோஷன் என்றேன். “ஏனுங்க, தேங்கெண்ணெய் போட்டா ஆகாதுங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் சங்கடப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, “இதுவும் நல்லாத்தான் இருக்குமுங்க” என்று அவரே முடித்துக்கொண்டார். பல்லடத்தில் இறங்கும்போது போய்ட்டு வாரேனுங்க என்று என்னிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

சிங்காநல்லூர் வந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஹோப்ஸ் நிறுத்தம். பீளமேடு பக்கமிருந்து வந்த திருப்பூர் பஸ்ஸை அங்கே பிடித்தேன். விமான நிலையம், சின்னியம்பாளையம், நீலாம்பூர் தாண்டிக் கருமத்தம்பட்டி சுமார் இருபது கிலோமீட்டர். டிக்கெட் 25 ரூபாய். ஞாயிறு என்றாலும் பஸ் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள், எல்லார் காதிலும் ஒயர்.

கருமத்தம்பட்டி நாலு ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய். எந்த ஊட்டுக்குங்க என்றார் ஓட்டுநர். லோஷன் செய்கிற கவிதா வீடு என்றதும் தெரிந்துவிட்டது.

“அவிங்க லோஷனுங்களா? ரொம்ப நல்லா இருக்குமுங்க.”

“நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

விசைத்தறித் தெரு. ஞாயிறு என்பதால் தறிகள் நின்றிருந்தன. கவிதாவுக்கு முப்பத்து நான்கு, ஐந்து வயதிருக்கும். மெலிந்த உருவம். ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் கண் கறுப்பு. கணவர் வெளியூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். நான் பையை வைப்பதற்குள், ஒரம்பரை வந்தால் முதலில் சாப்பாடு, பேச்செல்லாம் பிறகு என்று இலை போட்டுவிட்டார். சொந்தக்காரர்களைச் சொல்லும் சொல்லை லோஷன் வாங்க வந்த எனக்கும் சேர்த்துக்கொண்டார். அரிசிம்பருப்புச் சோறு, நெய், கத்திரிக்காய்ப் பொரியல். பையில் கெட்டுப்போன நான்கு பாட்டிலை வைத்துக்கொண்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் மீதே எரிச்சல் வந்தது.

பிறகு செய்து காட்டச் சொன்னேன்.

அழுக்கைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் இல்லை. பாட்டில்களைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்திருந்தார். தலையில் துணி கட்டிக்கொண்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். வாணலியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களை இறக்கினார். ஒன்றில் காங்கேயத்துச் செக்குத் தேங்காயெண்ணெய் இருநூறு மில்லி, அன்னூரில் தேனீ வளர்க்கும் ஒருவரிடம் வாங்கிய தேன்மெழுகு ஒரு கரண்டி, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் வெள்ளைச் சீவல் மெழுகு அறுபது கிராம். இன்னொன்றில் ரோஜா இதழ் போட்டுக் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர், முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், ஒன்று ஆறினாலும் திரிந்துவிடும் என்றார். சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாயை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தார். எண்ணெயில் தண்ணீரை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கடைந்தார். மஞ்சளாக இருந்தது வெளுத்தது. வெளுத்தது கெட்டியானது. பத்து நிமிடத்தில் புதிதாகக் கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. எடுத்து என் கையில் தடவினார். நான் பார்த்த லோஷன்களிலேயே அதுதான் உசத்தி. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறியதும் காம்பவுண்டு ஓரத்திலிருந்து வெட்டி வந்த சோற்றுக்கற்றாழையின் சதையை அரைத்து, துணியில் வடித்து, பச்சையாகவே இரண்டு கரண்டி சேர்த்தார். கடைசியில் வைட்டமின் ஈ மாத்திரை நாலைந்தை ஊசியால் குத்திப் பிழிந்தார்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். மூன்று மாதமாம். வைட்டமின் ஈ போட்டிருக்கிறதே என்றார்.

இதுதான் தப்பு. வைட்டமின் ஈ எண்ணெயில் சிக்கு வாடை வராமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீரில் வளரும் பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் பச்சைக் கற்றாழை. காலையில் வைத்த சாம்பாரை மூடி மேஜையில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும். கோயம்புத்தூர்க் குளிருக்குக் கொஞ்சம் மெதுவாக ஆகும். மதுரை வெயிலில் ஒரு வாரம் போதும். நான் கண்டுபிடித்த ரகசியமில்லை இது, தேடினால் யாருக்கும் கிடைக்கும்.

இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கவிதா போனை எடுத்து, வாங்கியவர்கள் அனுப்பிய குரல் செய்திகளைப் போட்டுக் காட்டினார். நாற்பது பேர் இருக்கிற ஒரு வாட்ஸப் குழு. எல்லாம் பாராட்டு. பீளமேட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் குரல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “லோஷன் சூப்பரா இருக்குதுங்கக்கா. என்ற மூஞ்சிக்குத்தான் ஒத்துக்கலைங்க, பொரிப்பொரியா வந்துருச்சு. உடம்புச் சூடு போலிருக்குதுங்க.”

கவிதா இதையும் பாராட்டுக் கணக்கில்தான் வைத்திருந்தார். பாவம், அந்தப் புள்ளைக்குச் சூட்டு உடம்பு என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்கு பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்து, மூடிகளைத் திருகிக் கவிழ்த்து வைத்தேன். கறுப்புப் புள்ளிகள் நன்றாகவே தெரிந்தன. கவிதா முதலில் கூரியரில் நசுங்கியிருக்குமா என்று கேட்டார். பிறகு முகர்ந்து பார்த்தார். பிறகு, மதுரை வெயிலுங்களே அக்கா என்றார்.

“உள்ளூர்ல யார்கிட்டயாவது ஒரு பாட்டில் இருக்கா? கொண்டுவரச் சொல்லு” என்றேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அம்மாள் மாதம் தவறாமல் ஒரு பாட்டில் வாங்குகிறவர். ஐம்பது தாண்டியவர், பெரிய வெள்ளைக்கல் மூக்குத்தி. கவிதா மதிலுக்கு மேலாக எட்டி, பெரீம்மா உங்க லோஷன் பாட்டிலைக் கொஞ்சம் தாங்க என்று கூப்பிட்டதும், அந்த அம்மாள் வீட்டுக்குள் போகாமல் வாசல் கேட்டுப் பக்கம் போனார். கேட்டின் தூணில் ஒரு மாடப்பிறை. அதிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தார்.

கவிதா பார்த்துக்கொண்டே நின்றார். “அங்க எதுக்குங்க பெரீம்மா வச்சிருக்கீங்க?”

“தாப்பாளுக்குக் கண்ணு. இந்த மழைக்குத் துருப்புடிச்சு இறுகிப்போச்சு. உன்ற லோஷன் போட்டா வழுவழுன்னு வருது.”

“கைக்குப் போடறதில்லீங்களா?”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். “மொத மாசம் போட்டேன். ஒரு மாதிரி வாடை வந்துச்சு. சொன்னா உனக்கு மனசு பொக்குனு போயிருமேன்னு உட்டுட்டேன். நீ பாடுபட்டுச் செய்யற. நாங்க வாங்காட்டி யாரு வாங்குவா அம்மணி?”

நான் சிரித்துவிட்டேன். சரோஜா அம்மாளும் சிரித்தார். கவிதா சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து மூடியைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்தால் சரியாகிவிடும் என்பதுபோல.

வீட்டுக்குள் வந்ததும் என்ன செய்யலாம் என்று கேட்டார். சொன்னேன். கெடாமல் காக்கிற மருந்தை அளவாகப் போட வேண்டும், எல்லாமே இயற்கை என்கிற வரியை லேபிளிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரையும் கற்றாழையையும் விட்டுவிட்டு எண்ணெயும் மெழுகும் மட்டும் போட்டுத் தைலக்களிம்பாகச் செய்ய வேண்டும். இரண்டும் முடியாதென்றால் வாரம் ஒருமுறை கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் மிச்சத்தைக் கொட்ட வேண்டும்.

“மருந்து போட்டா அப்புறம் இயற்கைன்னு எப்படிங்கக்கா சொல்றது?”

“பூஞ்சையும் இயற்கைதான்” என்றேன்.

கவிதா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புதிதாகச் செய்த லோஷன் பாத்திரத்தில் வெள்ளைவெளேரென்று இருந்தது. பிறகு என்னை நேராகப் பார்த்து, “எனக்கு ஆர்டர் குடுப்பீங்களா, மாட்டீங்களா? சுத்தி வளைக்காமச் சொல்லிப்போடுங்க” என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து இந்தப் பக்கத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை.

“இப்போ மாட்டேன். கெடாமச் செஞ்சு அனுப்பு, ஒரு மாசம் என் அலமாரியில வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

“சரீங்கக்கா.”

அவ்வளவுதான். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். நாலு ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது, இனிமேல் யாராவது நன்றாக இருக்கிறது என்றால் நம்புவதா வேண்டாமா என்று கேட்டார். தெரியாது என்றே சொன்னேன்.

நான்கே முக்காலுக்கு சிங்காநல்லூரில் மதுரை பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அறைந்தது. எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். என் கடையில் சோப்பு ஒன்று நுரைக்கவில்லை என்றால் வாங்கியவர் மறுநாளே அதைக் கல்லாவில் போட்டு, நாலு பேர் முன்னால், இதை நீயே தேய்த்துக் குளி என்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் என் சரக்கில் எது கெட்டது, எது நல்லது என்று எனக்குத் தெரிந்திருப்பது அந்த வாய்களால்தான். நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. கவிதாவின் கை என் கையைவிட நல்ல கை. அவருக்கு நாற்பது நல்லவர்கள் வாய்த்துவிட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது போனில் கவிதாவின் செய்தி வந்தது. குழுவில் போட்ட குரல் செய்தியை எனக்கும் அனுப்பியிருந்தார். தன் லோஷனில் பூஞ்சை வருகிறது, மூஞ்சிக்கும் கைக்கும் யாரும் போட வேண்டாம், இருப்பதைக் கொட்டிவிடுங்கள், பீளமேட்டுத் தங்கச்சிக்கு வந்தது உடம்புச் சூடாக இருக்காது, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். அதற்கு வந்த பதில்களையும் வரிசையாகக் கீழே அனுப்பியிருந்தார். பரவாயில்லைங்க. எங்களுக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. கை கூப்பின படங்கள்.

நான் போனை வைக்கப்போனேன். இன்னொரு செய்தி. நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வருகிறேன், மாதக் கடைசியில் நிற்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாராம். அதன் கீழே, குழுவிலிருந்து ஒரே ஒரு பதிலைத் தனியாக எடுத்து அனுப்பியிருந்தார். அன்னூர்ப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் எழுதியது: “ரெண்டாம் வாரமே நாறிப்போச்சு. கொட்டிப்போட்டேன். அதுக்கப்பறம் உங்ககிட்ட வாங்கறதே இல்லை.”

அதற்குக் கீழே கவிதா எழுதியிருந்தார்: “அடுத்தது செஞ்சா முதல் பாட்டில் இவிங்களுக்குத்தானுங்கக்கா.”