ஜைனம்பு அக்கா கப்பல் கதை படித்த நாட்கள்

போன வாரம் மகள் ஒரு தடித்த சரித்திர நாவல் வாங்கி வந்தாள். அந்தக் காலத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதை. நடுவே பதினாறு பக்கம் தலைகீழாக இருந்தது. "மாத்திட்டு வரணும்" என்று முகம் சுளித்தாள். நான் அதை வாங்கி மோந்து பார்த்தேன். மையும் பசையும் கலந்த வாசனை. "அம்மாவுக்கு என்னவோ ஆயிருச்சு" என்றாள் அவள் அப்பாவிடம். ஒன்றும் ஆகவில்லை. சிவகாசியில் தாள் மடித்தவளுக்கு அந்த வாசனை பட்டால், இப்போது இருக்கும் சூலக்கரை வீடும் அடுப்பில் இருக்கும் குழம்பும் கொஞ்ச நேரம் மறந்துபோகும். குழம்பு அன்றைக்கு அடிப்பிடித்தது.

சிவகாசி பக்கம் எங்கள் விஸ்வநத்தத்தில் என் வயதுப் பெண்கள் பட்டாசு வேலைக்குப் போனார்கள். எனக்கு வெடிச் சத்தம் என்றாலே உதறல். அதனால் ஒரு அச்சுக் கம்பெனியில் சேர்ந்தேன். காலண்டர் சீசனுக்கு முன்னால் புத்தக ஆர்டர் வரும். பதினாறு பக்கம் அச்சான ஒரு பெரிய தாளுக்கு ஃபாரம் என்று பெயர். அதைப் பக்க வரிசைப்படி மடிப்பது எங்கள் வேலை. அப்படி ஒரு ஆர்டரில் வந்ததுதான் இதே மாதிரி ஒரு கப்பல் கதை.

என் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தவள் ஜைனம்பு அக்கா. புருஷன் பஜாரில் வைத்திருந்த வளையல் கடை நொடித்து, மலேசியாவில் பினாங்கில் ஒரு ஓட்டல் வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கம்பெனிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவார். பூத்துக்காரர் கைதட்டினால் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவாள்.

வீணாய்ப்போன தாள்களைச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா உரக்கப் படிப்பாள். கதையில் ஒருத்தன் பஞ்சம் பிழைக்க நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறான். கரையில் அவன் பெண்டாட்டி வள்ளியம்மை. ரப்பர் தோட்டத்தில் அவன் காய்ச்சலில் விழுந்த இடத்தில் ஃபாரம் நின்றுவிட்டது. எழுதியவர் ஏதோ திருத்திக்கொண்டிருந்தாராம்.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கும் போன் வருவது நின்றது. பூத்திலிருந்து ஓட்டலுக்குப் பேசினால் யாரோ எடுத்து, "லீவுல இருக்காரு" என்று வைத்துவிட்டார்கள். அக்கா தூக்குவாளியைத் திறப்பாள், மூடுவாள். நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு அவளுக்காக வேண்டிக்கொண்டேன். சொன்னபோது சிரித்தாள். "வேண்டிக்க புள்ள. எந்த வாசல்ல கேட்டாத்தான் என்ன."

ஒருநாள் கடைசி ஃபாரம் வந்தது. ஃபோர்மேன் அண்ணாச்சி அதை எங்களுக்குக் கொடுக்காமல் வேறு மேசைக்கு எடுத்துப் போனார். அக்கா கவனித்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, செத்துட்டானா?"

அவர் தயங்கினார். "இல்ல தாயி. அங்கனயே இன்னொரு குடும்பம் வச்சிட்டான்."

"வள்ளியம்மை?"

"கடைசி வரைக்கும் கடக்கரைக்கு வந்து பாத்துக்கிட்டு நிக்கிறா."

அக்கா கையிலிருந்த தாளை மடித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"எம்புட்டு நாளைக்கு நிப்பா? கால் வலிக்காதா?"

அடுத்த வாரமே பாஸ்போர்ட் எடுக்கப் புறப்பட்டாள். "பொம்பள தனியாப் போறதா?" என்று கொழுந்தன் குதித்தார். "அப்பன்னா நீங்க கூட வாங்க" என்றாளாம். அவர் வரவில்லை. பாஸ்போர்ட் வந்ததும் அவள் பினாங்குக்குப் போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பூத்துக்காரர் கைதட்டி என்னைக் கூப்பிட்டார். ஓடிப் போய் எடுத்தேன். ஜைனம்பு அக்காதான்.

"ஏ புள்ள, ஆள் இருக்காரு. கொதிக்கிற எண்ண கொட்டி ரெண்டு கையும் வெந்துபோச்சு. சொன்னா நான் கலங்கிருவேன்னு போன் பண்ணாம கெடந்திருக்காரு. என்னயப் பாத்ததும் ஏசுனாரு. பெறகு அழுதாரு. சோத்த நாந்தான் ஊட்டிவிடுதேன்."

நீங்களாக இருந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பீர்கள். நான், "அங்கன மழையாக்கா?" என்று கேட்டேன்.

அதே ஓட்டலில் அக்கா இடியாப்பம் பிழிய ஆரம்பித்தாள். அவர் கை தேறியதும் இரண்டு பேருமாகச் சொந்தமாக ஒரு கடை போட்டார்கள். சில வருஷம் ரம்ஜானுக்குப் பூத்துக்குப் போன் வந்தது. பிறகு எனக்குக் கல்யாணமாகி சூலக்கரைக்கு வந்துவிட்டேன். பூத்தையும் எடுத்துவிட்டார்கள். அவளைத் தேடுவதற்கு என்னிடம் ஒரு நம்பர்கூட இல்லை.

கம்பெனி இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபம். சென்ற மாதம் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் உட்கார்ந்து மடித்த இடத்தில்தான் பந்தி. இலை போடும் வரை, அந்நாளில் என்னோடு உட்கார்ந்து மடித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சில பெயர்கள் வரவேயில்லை.